வான்துறையும் ஊர்நடுவும்: சாங்கியிலிருந்து சிராங்கூன் சாலைக்கு

காவிரிப்பூம்பட்டினம் இரு பாக்கங்களாக அமைந்திருந்தது என்பதைச் சிலப்பதிகாரம் பயின்றோர் அறிவர். கடலை அடுத்திருந்தது மருவூர்ப்பாக்கம். உள்நாட்டை அடுத்திருந்தது பட்டினப்பாக்கம். கலத்தில் வந்த யவனர் முதலான அயலார் தங்கியது முன்னதில். மன்னனும் பெருங்குடி மக்களும் வாழ்ந்தது பின்னதில். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்திலே நாளங்காடி இருந்தது. துறைக்கும் நகருக்கும் நடுவே கிடந்த அந்நிலம் வந்தவரும் வாழ்ந்தவரும் ஒருங்கே வழங்கிய பொதுவிடமாக இருந்தது என்பது கருதத்தக்கது.

இன்று அயல்நாட்டார் பெரும்பாலும் வந்திறங்குவது கடற்றுறையில் அன்று, வான்துறையில். அவ்வான்துறையோ நகரை விட்டு நெடுந்தொலைவு விலகிச் சென்றுவிட்டது. ஆறாயிரம் மைல் பறந்து வந்தவர்க்கும் கடைசிப் பன்னிரண்டு மைலே பெருந்துன்பமாக முடியும் ஊர்கள் உலகில் பல. விமான நிலையத்தையும் ஊர்நடுவையும் எவ்வாறு இணைப்பது, அவ்விணைப்பு யாருக்கு உரியது என்னும் வினாக்கள் போக்குவரத்துத் துறையினர்க்கு மட்டும் உரியன அல்ல. அந்நகரில் வாழ்வோர் அனைவர்க்கும் உரியன. இவற்றிற்கு விடை தேடிய ஊர்களுள் சிங்கப்பூர் தனித்து நோக்கத்தக்கது. சாங்கி விமான நிலையத்துக்கும், தமிழர் தேக்கா என்றும் சிராங்கூன் சாலை என்றும் வழங்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்துக்கும் இடைப்பட்ட வழியே அதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

துறை நகர்ந்த வரலாறு

சிங்கப்பூரின் முதற் பொது விமான நிலையம் காலாங்கில் அமைந்தது. 1937 ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பெற்ற அந்நிலையம் காலாங் ஆற்றின் வாயிலிலிருந்த சதுப்பு நிலத்தைத் தூர்த்து அமைக்கப்பட்டது. தரையில் இறங்கும் விமானங்கட்குத் திடலும், நீரில் இறங்கும் விமானங்கட்குக் கடற்கரையும் ஒரே இடத்தில் வாய்த்தமை அதன் தனிச்சிறப்பு. ஊர்நடுவிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது. இறங்கியவர் நகரை அடைவது அன்று ஒரு சிக்கலாகவே தோன்றியிராது.

போருக்குப் பின் விமானங்கள் பெருத்தன. பெரிய விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். நகரை ஒட்டிய காலாங்கில் அதற்கு இடமில்லை. ஆகவே 1955 ஆகஸ்டு 20-இல் பாய லேபாரில் இரண்டாம் நிலையம் திறக்கப்பட்டது. இதுவும் நெடுநாள் போதவில்லை. 1970-இல் ஏறத்தாழ 17 இலட்சமாக இருந்த பயணிகளின் தொகை 1975-இல் 40 இலட்சத்தை எட்டியது. ஊரும் வளர்ந்து நிலையத்தைச் சூழ்ந்துகொண்டது. பாய லேபாரிலேயே இரண்டாம் ஓடுபாதை அமைப்பதா, கிழக்குக் கோடியிலுள்ள சாங்கிக்குப் பெயர்வதா என்னும் வினா எழுந்தது. 1975-இல் சாங்கியே முடிவாயிற்று. கடலைத் தூர்த்து நிலம் பெறலாம். விமானங்கள் கடலின்மேல் ஏறி இறங்குவதால் குடியிருப்போர்க்கு இரைச்சல் குறையும். வேண்டும்போது விரிவாக்கவும் இடமுண்டு. இவை அம்முடிவுக்கு வலுவளித்த காரணங்கள். 1981 ஜூலை முதல் நாள் சாங்கி செயற்படத் தொடங்கியது.

இவ்வரலாற்றில் ஒரு பொது விதி புலப்படும். விமான நிலையம் ஊருக்கு அண்மையில் இருத்தல் பயணிக்கு நன்று, ஊர்க்கு நன்றன்று. ஊர் வளருந்தோறும் நிலையம் விலகும். விலகுந்தோறும் இணைப்பின் பொறுப்புக் கூடும். காலாங்குக்குச் சாலை போதும். ஊர்நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாங்கிக்கு அது போதாது. 2019-இல் சாங்கியின் வழியே சென்றுவந்த பயணிகள் 6 கோடியே 83 இலட்சம் பேர் என்பதை நோக்கின், இதன் அளவு விளங்கும்.

சிராங்கூன் சாலையும் பழைய தடங்களும்

இவ்விணைப்பு வரலாற்றில் சிராங்கூன் சாலைக்கும் ஓர் இடமுண்டு. 1905-இல் சிங்கப்பூரில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது அவற்றின் தடங்களுள் ஒன்று இச்சாலையின் வழியே சென்றது. அவ்வண்டிகட்கு வேண்டிய மின்னிலையம், இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் வட்டாரத்தை ஒட்டிய மெக்கன்சி சாலையில் இருந்தது. 1926 முதல் டிராம் வண்டிகள் நீங்கி, மேலே கம்பியில் மின்சாரம் பெற்றுச் சாலையில் ஓடும் டிராலி பேருந்துகள் வந்தன. 1962-ஆம் ஆண்டின் இறுதியில் அவையும் மறைந்தன.

பாய லேபார்க் காலத்தில் சிராங்கூன் சாலை, விமான நிலையத்துக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றாகவே இருந்தது. அச்சாலையின் வட முனையிலிருந்து மெக்பர்சன் சாலையைப் பற்றிச் சென்றால் விமான நிலையச் சாலையை அடையலாம். அப்பெயர் தாங்கிய சாலை இன்றும் உண்டு. விமான நிலையம் படைத்துறையின் தளமாக மாறிவிட்டது. ஆயினும், அக்காலத் தமிழர் பலர் சிங்கப்பூருக்கு வந்தது வானத்தின் வழியே அன்று. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ராஜுலா கப்பலும், அதன்பின் சிதம்பரம் கப்பலுமே அவர்களைக் கொணர்ந்தன. 1985-இல் சிதம்பரம் கப்பலில் நேர்ந்த தீவிபத்தோடு அப்பயணிகள் கடல்வழியும் முடிவுற்றது. அதன்பின் தமிழகத்திலிருந்து வருவோர்க்கும் போவோர்க்கும் சாங்கியே பெருந்துறையாயிற்று. சாங்கிக்கும் சிராங்கூன் சாலைக்கும் இடைப்பட்ட வழி தமிழர்க்குத் தனியே பொருளுடையதானது இவ்வாறே.

இருபது ஆண்டு இடைவெளி

சாங்கி திறக்கப்பட்ட 1981-இல் சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் இல்லை. கடலைத் தூர்த்த கரையோரமாக அமைந்த ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே விரைவுச்சாலையும், தீவை ஊடறுக்கும் தீவு விரைவுச்சாலையுமே நகரையும் நிலையத்தையும் இணைத்தன. அவ்வழியே பேருந்தும் டாக்சியும் ஓடின.

ரயில் வேண்டுமா என்பதே அப்பொழுது பெரும் வாதமாக இருந்தது. 1980-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர் குழுவொன்று, பேருந்துகளைப் பெருக்கினாலே போதும் என்று உரைத்தது. இடம் குறுகிய தீவில் சாலைகளை மேன்மேலும் அகலப்படுத்த இயலாது என்னும் எதிர்வாதமே இறுதியில் வென்றது. 1982-இல் ரயில் அமைக்க முடிவாயிற்று. 1987 நவம்பர் 7-இல் இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை, ஐந்து நிலையங்களோடு முதற்பகுதி திறக்கப்பட்டது. 1989-இல் பாதை கிழக்கே தானா மேராவையும் பாசிர் ரிஸ்ஸையும் எட்டியது. ஆயினும் சாங்கியை எட்டவில்லை. பெருந்தொகையான மக்கள் வாழும் வீடமைப்புப் பேட்டைகளை ஊர்நடுவோடு இணைப்பதே முதற் கடமையாகக் கொள்ளப்பட்டது. நாள்தோறும் வேலைக்குச் செல்வோர்க்கு முதலிடம். எப்போதோ விமானம் ஏறுவோர்க்கு அடுத்த இடம். அம்முறைவைப்பைத் தவறென்று கூற இயலாது.

பின்னர்த் தானா மேராவிலிருந்து ஒரு கிளை பிரிந்தது. 2001 ஜனவரி 10-இல் எக்ஸ்போ நிலையமும், 2002 பிப்ரவரி 8-இல் சாங்கி விமான நிலையமும் அக்கிளையில் திறக்கப்பட்டன. விமான நிலையம் திறந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னரே ரயில் அதன் அடியை அடைந்தது. இரண்டாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் இடையே நிலத்தடியில் அந்நிலையம் அமைந்தது. மூன்றாம் முனையம் செயற்படத் தொடங்கியது 2008-இல் என்பதை நோக்கின், வருவதை முன்னுணர்ந்து கட்டினார்கள் என்பது தெளிவு.

கிளைப்பாதையின் சிக்கல்

2002-இல் சாங்கியிலிருந்து புறப்பட்ட ரயில், தானா மேராவைக் கடந்து, நகரின் வழியே மேற்கிலுள்ள பூன் லே வரை நேரே சென்றது. பயணி நடுவில் இறங்கி ஏற வேண்டியதில்லை. ஆனால் இவ்வசதி ஓராண்டும் சில திங்களுமே நீடித்தது. 2003 ஜூலை 22 முதல், சாங்கிக்கும் தானா மேராவுக்கும் இடையே மட்டும் சென்று திரும்பும் வண்டியாக அது சுருக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவு பயணிகள் வாராமை ஒரு காரணம். தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வட்டாரத்தார்க்குப் போதிய வண்டிகள் தேவைப்பட்டமை மற்றொரு காரணம்.

இரண்டாம் காரணத்தைச் சற்று விளக்குதல் தகும். இருப்புப்பாதை ஒன்று இரண்டாகக் கிளைக்குமிடத்தில், அடிமரத்தில் வரும் வண்டிகளைக் கிளைகளுக்குப் பங்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, அடிப்பாதையில் மணிக்கு 20 வண்டிகள், அஃதாவது மூன்று நிமிடத்துக்கு ஒன்று, ஓடுவதாகக் கொள்வோம். அவற்றுள் ஐந்தை விமான நிலையக் கிளைக்கு அனுப்பினால், அங்கே 12 நிமிடத்துக்கு ஒரு வண்டியே கிடைக்கும். மற்றக் கிளைக்கோ 15 வண்டிகள் எஞ்சும். அங்கே சிலர் மூன்று நிமிடமும் சிலர் ஆறு நிமிடமும் காத்திருக்க நேரும். காலைப்பொழுதில் ஒரு வண்டியை இழந்தால் அதில் ஏறியிருக்க வேண்டியவர் அனைவரும் அடுத்த வண்டியில் நெருங்குவர். விமானப் பயணியின் ஒரு மாற்றத்தைத் தவிர்ப்பதற்காகப் பேட்டை மக்கள் பலர் நெருக்கத்தை ஏற்க வேண்டியதாகும்.

கிளையைத் துண்டித்துத் தனிவண்டி ஓட்டினால் இந்த இடர் நீங்கும். இருபது வண்டிகளும் பேட்டைகளுக்குச் செல்லும். கிளையில் வேண்டிய இடைவெளியில் வேறு வண்டி ஓடும். ஆனால் சாங்கியிலிருந்து வருபவர் தானா மேராவில் பெட்டிகளோடு இறங்கி வேறு வண்டி ஏற வேண்டும். ஆகவே 2003-இன் முடிவு பிழையுமன்று, முழு வெற்றியுமன்று. ஒருசாராரின் சிறு துன்பத்தை மற்றொரு சாராரின் பெருநன்மைக்கு ஈடாக வைத்த முடிவு அது.

பயணத்தின் ஐந்து உறுப்புகள்

விமான நிலைய இணைப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வண்டியின் வேகத்தையே பேசுவர். மணிக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடத்தில் ஊர்நடு என்பனவே விளம்பரங்களில் இடம்பெறும். ஆனால் பயணியின் நேரம் வண்டிக்குள் மட்டும் கழிவதில்லை. நடத்தல், காத்தல், ஊர்தல், மாறல், மீண்டும் நடத்தல் எனப் பயணத்துக்கு உறுப்புகள் ஐந்து. விளம்பரம் கூறுவது இவற்றுள் நடுநின்ற ஒன்றையே.

காத்தலுக்கு ஓர் எளிய கணக்குண்டு. வண்டிகள் சீரான இடைவெளியில் வருமாயின், அட்டவணை பாராமல் வந்து நிற்பவர் சராசரியாக அவ்விடைவெளியிற் பாதி நேரம் காத்திருப்பார். பத்து நிமிட இடைவெளி எனின் ஐந்து நிமிடம். ஒருமுறை மாறினால் இரண்டாம் பாதையின் பாதி இடைவெளியும் அதனோடு சேரும். மாறும் இடத்தில் நடக்கும் தொலைவும், படிக்கட்டும், வழி தெரியாத மயக்கமும் மேலும் சேரும். ஆகவே, வண்டி ஐந்து நிமிடம் விரைந்து ஓடுவதைவிட, மாற்றம் ஒன்று குறைதல் பயணிக்குப் பெரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இவ்வுண்மைக்குச் சீனநாட்டு ஷாங்காய் நகர் சான்று. அங்கே 2000-களின் தொடக்கத்தில், காந்த விசையால் தண்டவாளத்தைத் தொடாமல் மிதந்து செல்லும் ரயில் அமைந்தது. ஏறத்தாழ 30 கிலோமீட்டரை எட்டு நிமிடத்துக்குள் கடந்த அது, மணிக்கு 431 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. ஆனால் அது சென்று நின்ற இடம் ஊர்நடுவன்று. நகரின் கிழக்குப் புறத்திலுள்ள லொங்யாங் சாலை. அங்கே இறங்கி நகர ரயிலுக்கு மாற வேண்டும். எட்டு நிமிடத்தில் ஈட்டிய நேரத்தின் ஒரு பகுதியை அம்மாற்றம் தின்றுவிடும்.

தனிவண்டியும் பொதுவண்டியும்

உலக நகரங்கள் இவ்வகையில் இரு நெறிகளைப் பின்பற்றுகின்றன. விமானப் பயணிக்கெனத் தனிப்பாதையும் தனிக்கட்டணமும் வைப்பது ஒன்று. நகர மக்கள் நாளும் ஏறும் பொதுப்பாதையை நிலையம் வரை நீட்டுவது மற்றொன்று.

ஹாங்காங் முதல் நெறியை மேற்கொண்டது. 1998-இல் புதிய விமான நிலையத்தோடு திறக்கப்பட்ட அதன் விரைவு ரயில், 24 நிமிடத்தில் நகர நடுவை அடைகிறது. கோலாலம்பூரும் அவ்வாறே, 57 கிலோமீட்டர்த் தொலைவை 28 நிமிடத்தில் கடக்கும் விரைவு ரயில் 2002-இல் அங்கு வந்தது. அத்தொலைவை நோக்கின் தனிவண்டி அங்கே பொருத்தமுடையதே. லண்டன் இரு நெறிகளையும் ஒருங்கே கொண்டது. 1977-இல் நகரின் நிலத்தடி ரயிலே ஹீத்ரோ விமான நிலையம் வரை நீண்டது. 1998-இல் பதினைந்து நிமிடத்தில் செல்லும் விரைவு ரயில் அதனோடு சேர்ந்தது. விலை மிகுந்த விரைவும் விலை குறைந்த நிதானமும் ஆகிய இரண்டில் ஒன்றைப் பயணியே தேர்ந்துகொள்ளலாம்.

சென்னை இரண்டாம் நெறியைச் சார்ந்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் எதிரே, நெடுஞ்சாலைக்கு அப்பால், திரிசூலம் என்னும் புறநகர் ரயில் நிலையம் நெடுங்காலமாக உள்ளது. ஆயினும் இரண்டிற்கும் இடையே சாலையைக் கடக்க வேண்டியிருந்ததால், மூட்டையோடு வந்தவர் பலர்க்கு அது கண்ணுக்கெட்டியும் கைக்கெட்டாததாகவே இருந்தது. 2016 செப்டம்பர் 21-இல் மெட்ரோ ரயில் விமான நிலையத்தை எட்டியது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலையின் வழியே எஞ்சிய பகுதி திறக்கப்பட்டதும், விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் வரை மாறாமலே செல்ல முடிந்தது. சில நூறு அடித் தூரமும் ஒரு மாற்றமும் எத்துணை வேறுபாட்டை விளைவிக்கின்றன என்பதைச் சென்னைவாழ் மக்களே நன்கறிவர்.

சிங்கப்பூரும் பொதுவண்டி நெறியையே கைக்கொண்டது. சாங்கியில் ஏறுபவர்க்கெனத் தனிக்கட்டணம் இல்லை. தொலைவுக்கேற்ற பொதுக்கட்டணமே, ஊர்நடு வரை ஏறத்தாழ இரண்டு வெள்ளி. 2010 ஜூலையில் வந்த கட்டண முறை இதில் குறிப்பிடத்தக்கது. அதன்படி, ஒரே பயணத்தில் பேருந்திலிருந்து ரயிலுக்கோ, ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கோ மாறினாலும், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் புதிதாகத் தொடக்கக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. உரிய வரையறைக்குள் மொத்தத் தொலைவுக்கே கட்டணம். மாற்றத்தினால் விளையும் காலச்செலவு நீங்கவில்லை, பொருட்செலவு நீங்கியது.

இந்நெறியின் சிறப்பு யாது? விமான நிலையத்துக்கு நாளும் செல்வோர் பயணிகள் மட்டும் அல்லர். துப்புரவு செய்வோர், பெட்டி ஏற்றுவோர், கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிவோர், காவலர் எனப் பலர் உளர். ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவர் தனிவண்டிக்குப் பெருங்கட்டணம் கொடுத்தல் கூடும். ஆண்டு முழுதும் அங்கே உழைப்பவர் கொடுத்தல் கூடாது. இருசாரார்க்கும் ஒரே வண்டி என்பதே சிங்கப்பூர் நெறியின் அறம். நாளங்காடியைப் போன்று அதுவும் பொதுவிடமே.

லிட்டில் இந்தியாவுக்கு மூன்று வழிகள்

சாங்கியில் ரயில் ஏறி லிட்டில் இந்தியா வட்டாரத்தை அடைய இன்று மூன்று வழிகள் உள.

முதல் வழி: தானா மேராவில் இறங்கிக் கிழக்கு மேற்குப் பாதையில் ஏறுவது. அவ்வண்டி பிடோக், கெம்பாங்கான், யூனோஸ் கடந்து பாய லேபார், அல்ஜுனிட், காலாங் நிலையங்களின் வழியே செல்லும். மூன்றாம் விமான நிலையத்திலிருந்து வருபவர், முன்னைய இரு விமான நிலையங்களின் பெயர் தாங்கிய நிலையங்களைக் கடந்தே நகருக்குள் நுழைகிறார் என்பது சுவையான செய்தி. அடுத்து லாவண்டர், பூகிஸ். பூகிஸில் டௌன்டவுன் பாதைக்கு மாறினால் ரோச்சோர். அதற்கடுத்தது லிட்டில் இந்தியா. இப்பகுதி 2015 டிசம்பர் 27-இல் திறக்கப்பட்டது.

இரண்டாம் வழி: கிழக்கு மேற்குப் பாதையிலேயே ஊட்ரம் பார்க் வரை சென்று, வடகிழக்குப் பாதைக்கு மாறுவது. 2003 ஜூன் 20-இல் திறக்கப்பட்ட இப்பாதையில் சைனாடவுன், கிளார்க் கீ, டோபி காட் ஆகியவற்றை அடுத்து லிட்டில் இந்தியா. அதனை அடுத்தது ஃபேரர் பார்க். இவ்வழி சுற்று மிகுந்தது.

மூன்றாம் வழி 2017 அக்டோபர் 21-இல் திறந்தது. அன்று டௌன்டவுன் பாதை எக்ஸ்போ வரை நீண்டது. சாங்கியிலிருந்து ஒரே நிலையம் சென்று, எக்ஸ்போவில் மாறி, அப்பாதையிலேயே நகருக்கு வரலாம். ஆயினும் இங்கு ஒரு நுட்பம் உண்டு. டௌன்டவுன் பாதை கயிற்றைச் சுருக்கிட்டது போல வளைந்து, தன்னைத் தானே குறுக்கிட்டுச் செல்கிறது. எக்ஸ்போவிலிருந்து வரும் வண்டி ஜாலான் புசார் நிலையத்தை அடையும்போது லிட்டில் இந்தியாவின் அருகில் வந்துவிடுகிறது. ஆனால் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு அதே வண்டியில் செல்ல விரும்பினால், சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ் எனப் பத்து நிலையங்கள் சுற்ற வேண்டும். வழியறிந்தவர் ஜாலான் புசாரிலேயே இறங்கி நடப்பர். அறியாதவர் வரைபடத்தில் ஒரே வண்ணக்கோடு கண்டு சுற்றிச் செல்வர். வரைபடம் பாதைகளின் தொடர்பைக் காட்டும். நிலத்தின் அண்மையைக் காட்டாது. மாணவர்க்கு வரைபடம் கற்பிப்போர்க்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

வழிகாட்டும் எழுத்தைப் பற்றியும் ஒன்று கூறலாம். சிங்கப்பூர் ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடும் சீனத்தோடும் தமிழும் இடம்பெறுகின்றது. ஆங்கிலம் அறியாது வந்திறங்கும் ஒருவர் நிலையத்தின் பெயரைத் தன் தாய்மொழியில் காண்பது, இணைப்பின் ஆறாம் உறுப்பு என்றே கூறத்தகும். வழி மயங்காமையும் காலச் சிக்கனமே அன்றோ?

இரவும் சுமையும்

பொதுவண்டி நெறிக்கு இரு குறைகளும் உள. அவற்றை மறைத்தல் முறையன்று.

முதலாவது இரவு. விமானம் இரவென்றும் பகலென்றும் பாராது. நகர ரயிலோ நள்ளிரவை ஒட்டி ஓய்வு கொள்ளும். தண்டவாளத்தையும் மின்தொடர்களையும் பழுதுபார்க்க அச்சில மணி நேரமே கிடைப்பதால் இதனைத் தவிர்த்தலும் எளிதன்று. சாங்கியிலிருந்து முதல் வண்டி காலை ஐந்தரை மணியளவிலேயே புறப்படும். சென்னையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்களுள் சில, அதற்கு முன்னரே வந்திறங்குவதுண்டு. அப்போது வந்தவர் ஒன்று விடியும்வரை அமர்ந்திருக்க வேண்டும். அன்றி டாக்சி ஏற வேண்டும். டாக்சியிலோ விமான நிலையத்துக்கான கூடுதற் கட்டணமும், நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை மீட்டர் கட்டணத்தில் பாதியளவு கூடுதலும் சேரும். இரண்டு வெள்ளியில் முடிய வேண்டிய பயணம் பன்மடங்காகிறது. செல்வர்க்கு இது சிறு தொகை. கடன்பட்டு வேலைதேடி வருபவர்க்கும், விடியற்காலை முறைக்குப் பணிக்கு வருபவர்க்கும் சிறிதன்று. பணியாளர்க்கெனத் தனி வண்டி அமர்த்தும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அது நிறுவனத்தின் கொடை. ஊரின் ஏற்பாடு அன்று.

இரண்டாவது சுமை. ஊர் திரும்பும் தொழிலாளர் சிராங்கூன் சாலையில் வாங்கிய பொருள்களைப் பெரிய பெட்டிகளில் கட்டிக்கொண்டு புறப்படுவது அங்கு நாளும் காணும் காட்சி. பெட்டியோடு மின்தூக்கியைத் தேடி, மாறும் நிலையத்தில் நெடுந்தூரம் நடந்து, வேலை விட்டுத் திரும்புவோர் நெருக்கத்தில் ஏறுதல் எளிதன்று. தொடக்கக் காலத்தில் கட்டிய ரயில் நிலையங்களில் மின்தூக்கிகள் இல்லை. பின்னரே அவை அமைக்கப்பட்டன. ஊர்நடுவில் ஆர்ச்சர்ட் சாலை வரை செல்லும் 36-ஆம் எண் பேருந்தில் மாற்றம் இல்லை. ஆனால் நேரம் மிகும். சுமையுடையவர்க்கு வேகத்தினும் மாறாமை பெரிது என்பதை இது காட்டும். நான்காம் முனையத்தில் இறங்குவோர்க்கு இன்னும் ஒரு மாற்றம் கூடுதல். 2017-இல் திறக்கப்பட்ட அம்முனையம் ரயில் நிலையத்திலிருந்து விலகி நிற்பதால், முதலில் பேருந்தேறிப் பிற முனையங்களை அடைய வேண்டும்.

வருங்கால வழி

சாங்கியில் ஐந்தாம் முனையம் கட்டும் பணி 2025 மே திங்களில் தொடங்கியது. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையை அம்முனையம் வரையும், அங்கிருந்து இப்போதைய விமான நிலைய ரயில் நிலையம் வரையும் நீட்டுவதும், தானா மேராக் கிளையையே அப்பாதையின் பகுதியாக மாற்றுவதும் திட்டம். 2030-களின் நடுப்பகுதியில் இது நிறைவேற வேண்டுமென நிலப் போக்குவரத்து ஆணையம் குறித்துள்ளது. அவ்வாறாயின் மரினா பேக்கும் ஆர்ச்சர்டுக்கும் மாறாமலே செல்லலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் இழந்த நேர்வண்டி, வேறு வழியில் மீளும். கிளையைப் பங்கிடும் பழைய இடர் அங்கே இராது. ஏனெனில் சாங்கி அப்பாதையின் வழியிலேயே அமையும்.

லிட்டில் இந்தியாவுக்குச் செல்பவர்க்கோ அன்றும் ஒரு மாற்றம் வேண்டும். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதை அவ்வட்டாரத்தின் வழியே செல்லவில்லை. இதனைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. எல்லா இடத்துக்கும் நேர்வண்டி விடுதல் எந்த ஊராலும் இயலாது. ஒருவர்க்கு நேரான வழி மற்றொருவர்க்கு மாறும் வழியே. ஆகவே மாற்றமே இல்லாத பாதையைத் தேடுவதினும், மாற்றத்தை எளிதாக்குவது நலம்: குறைந்த நடை, மின்தூக்கி, தெளிவான பலகை, நீளாத காத்திருப்பு, கூடாத கட்டணம். இவற்றுள் கட்டணத்தைச் சிங்கப்பூர் 2010-இலேயே தீர்த்துவிட்டது. பிறவற்றைப் பெரிதும் தீர்த்துவருகிறது. எஞ்சியிருப்பது இரவு. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே, பொதுக்கட்டணத்தில் ஊர்நடுவுக்கு வரும் ஒரு பேருந்தேனும் இருந்தால், வானிலிருந்து இறங்கும் எளியவரும் எந்நேரமும் வாயில் திறந்த நகரையே காண்பர்.

இவற்றால் பெறப்படுவது ஒன்று. விமான நிலைய இணைப்பை அளக்கும் கோல் வண்டியின் வேகம் அன்று. விமானத்தின் வாயிலிலிருந்து வீட்டின் வாயில் வரை, பகலிலும் இரவிலும், சுமையோடும் சுமையின்றியும், பணமுடையவர்க்கும் இல்லாதவர்க்கும் அவ்வழி எவ்வாறு அமைகிறது என்பதே கோல். அக்கோலால் அளக்குங்கால் சிங்கப்பூர் பெருமளவு தேறுகிறது. இரவில் மட்டும் தடுமாறுகிறது. புதிய முனையங்களும் மெட்ரோப் பாதைகளும் எழும் தமிழக நகரங்கள் சாங்கியிடம் கற்க வேண்டியது அதன் பளிங்குத் தளங்களை அன்று. பெட்டி தூக்குபவரும் விமானம் ஏறுபவரும் ஒரே கட்டணத்தில் ஒரே வண்டியில் செல்லலாம் என்னும் அந்த எளிய முடிவையே.